கொக்கி இல்லாத ஜாக்கெட்

நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பேத்தி போட்டாலும் போட்டாள், போன் மேல் போன். "சார், பென்ஷன் பத்தலையா?" என்று பழைய 10-பி மாணவன் ஒருவன் கேட்டான். பென்ஷன் போதுமப்பா. விஷயம் வேறு.

அம்மாவுக்கு (சொந்தங்களுக்கு அத்தை, பெரியம்மா) நாலு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். நடை பரவாயில்லை. விரல்கள்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஜாக்கெட்டின் ஐந்து கொக்கிகளை மாட்ட அரை மணி நேரம் ஆகும். நான் மாட்டிவிட்டுப் பார்த்தேன். "என் ஜாக்கெட்டை நானே போட்டுக்க முடியணும்" என்று ஒரு நாள் சொன்னார். அதன் பிறகு நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். விசேஷங்களுக்கு அவர் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தரும்படி செங்கல்பட்டில் நாலு தையல் கடைகளில் கேட்டேன். "முகூர்த்த சீசன் சார், ஆல்டரேஷன் எடுக்கறதில்ல." சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்றால் பயிற்சி வகுப்பு வாசலில் 'மகளிர் மட்டும்' என்று போர்டு. மாமல்லபுரத்தில் அக்கா வீட்டில் ஒரு கால்மிதி மெஷின் சும்மா கிடந்தது. அக்கா பெங்களூருக்கு மகனிடம் போய்விட்டார். உப்புக்காற்றில் ஊசித்தண்டு வரை துரு. குட்டியானையில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் வழியாகக் கொண்டுவந்து, மூன்று நாள் மெஷின் ஆயில் விட்டு ஊறவைத்த பிறகுதான் சக்கரம் அசைந்தது.

மெஷின் டிராயரில் ஒரு கையேடு இருந்தது. நம் பள்ளியில் இருந்த தையல் டீச்சர், மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவின் பழைய பாடநூல் ஒன்றைக் கொடுத்தார். (தையல் பீரியடில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவோம், நினைவிருக்கிறதா? பையன்கள் துணி கிழியவே கிழியாது என்பது போல!) யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். வீடியோவில் அந்தப் பெண் மளமளவென்று தைத்துக்கொண்டு போகிறார். என் இரண்டு கையும் துணியில், ஒரு கால் மிதியில். நிறுத்துவதற்கு மூன்றாவது கை வேண்டும். புத்தகம் திறந்த பக்கத்திலேயே காத்திருக்கும்.

முதல் பாடத்தில் நூலே கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசியின் கீழ் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டிப் பழக வேண்டும். 35 வருஷம் உங்களுக்கு இரட்டை வரி நோட்டு கொடுத்தவனுக்குப் பத்து நாள் அதே நோட்டு. பழைய ஊசியைத்தான் போட வேண்டும், தாள் முனையை மழுக்கிவிடும்.

நூல் கோப்பதில் இரண்டு புத்தகங்களும் சண்டை போட்டன. ஒன்றில் இடமிருந்து வலம், மற்றதில் வலமிருந்து இடம். மெஷினுக்கு மெஷின் மாறும். ஆனால் ஊசியைத் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதில் நுழைய வேண்டும். எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே ஊசிக்காது நுனியில்தான் இருந்தது. கை ஊசி முழுதாகத் துணியைக் கடந்து போகும். மெஷின் ஊசி நுனியை மட்டும் நுழைத்து, திரும்பும்போது ஒரு சின்ன வளையத்தை விட்டுவிட்டு வரும். கீழே ஷட்டில் அந்த வளையத்தைப் பிடித்து பாபின் நூலைச் சுற்றி எடுத்துவிடும். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி இதைப் பார்த்த அன்று, அறிவியல் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

துணியின் அடியில் நூல் கூடு கட்டினால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நூலைக் கோத்தால்தான் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் அது சரியாக உட்காரும்.

காந்தி இயந்திரங்களைக் குறை சொன்னபோதும் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் இதைச் செய்தார் என்று 1924-ல் ஒரு உரையாடலில் சொல்லியிருக்கிறார். சிங்கரின் குடும்ப வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், நான் சிரிக்கவில்லை.

இதுவரை புத்தகம் போதும். அதன் பிறகு வரும் படங்களெல்லாம் நடுங்காத விரல்களுக்கு. வெல்க்ரோவை நானும் அம்மாவும் பழைய ஜாக்கெட்டுகளில் வைத்துப் பார்த்தே கண்டுகொண்டோம். நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அதே தத்துவம். மேல் பட்டியின் உட்புறம் மெத்தென்ற பக்கம், கீழ்ப் பட்டியின் வெளிப்புறம் சொரசொரப்பு. அப்போது தோலில் உராயாது. நீளமாக ஒரே துண்டாக வைத்தால் கோணலாக ஒட்டிக்கொள்ளும், சின்னச் சின்னத் துண்டுகள் நல்லது. பசை தடவியது வேண்டாம், ஊசியில் அப்பிக்கொள்ளும். துவைக்கும்போது மூடிவைக்க வேண்டும். நைட்டிகளில் பட்டனை மேலே அழகுக்குத் தைத்துவிட்டு, அடியில் வெல்க்ரோ. பார்க்கிறவருக்குப் பட்டன்தான் தெரியும். அம்மாவுக்கு அது முக்கியம்.

ஆறு ஜாக்கெட் முடித்தாயிற்று. இரண்டு நிமிடத்தில் தானே போட்டுக்கொள்கிறார். ஆவணியில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் வருகிறோம்.

இப்போது அவர் கேட்பது புடவைக் கொசுவம். மடித்துத் தைத்து, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும்படி வேண்டுமாம். பட்டுப் புடவையில் ஊசி போட எனக்குத் தைரியம் வரவில்லை; பருத்தியில் ஆரம்பிக்கிறேன். மாமல்லபுரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் நம் மாணவர்கள் யாராவது இதைச் செய்திருந்தால், எத்தனை மடிப்பு வரை தைக்கலாம் என்று சொல்லுங்கள். போனில் வேண்டாம், எழுதி அனுப்புங்கள். படித்துப் படித்துத் தைக்க வேண்டும்.