குறி தப்பாத துவக்கு

கொழும்பிலே கல்வி பயிலும் எமது சகோதரியின் மகன் சென்ற விடுமுறைக்குக் கல்முனைக்கு வந்திருந்தான். இரவு உணவுக்குப் பின் விறாந்தையில் அமர்ந்து கதைத்துக் கொண்டிருக்கையில், அவன் பேச்சு ரிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கிகளின்பால் திரும்பிற்று. அமெரிக்காவில் ஒருவரே ஐந்தாறு ரிவோல்வர்களை வைத்துக்கொண்டு, அவற்றுள் எது தம் கையில் நன்றாகக் குறி பிடிக்கின்றது என்று நண்பர்களுடன் ஓயாது வாதிடுவார்களாம். கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் ஒரு காலத்தில் வெடி வைத்தவர்தானே மாமா! உங்களுக்கு எந்தத் துவக்கு நல்லாகக் குறி பிடித்தது?" என்று கேட்டான்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. ஆசிரியத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர்க்கு இயல்பான வழக்கப்படி, கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை விளக்கத் தொடங்கினோம்.

சாமுவேல் கோல்ட் என்பவர் 1836ஆம் ஆண்டில் தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்நாள் முதல் இந்நாள்வரை அதன் குறி இரண்டு மூன்று சிறு காரியங்களையே சார்ந்திருக்கின்றது. குழலின் நுனியில் ஒரு குறிமுனையும், பின்புறத்தில் ஒரு பள்ளமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் இருக்குமானால், குறி பார்க்கையில் 1 மில்லிமீற்றர் பிசகினாலும், 25 மீற்றருக்கு அப்பால் அப்பிசகு 25 சென்ரிமீற்றர் ஆகிவிடும். இடைவெளி 20 சென்ரிமீற்றர் என்றால் பிசகும் பாதியாகக் குறையும். சட்டைப் பைக்குள் அடங்கும் குறுங்குழல் துப்பாக்கியிலும் நீண்ட குழல் துப்பாக்கியில் பலருக்குக் குறி நன்கு அமைவது இதனாலேதான். அடுத்தது விசை. சுத்தியலைப் பெருவிரலால் முன்கூட்டியே பின்னிழுத்து வைத்தால், விசையைச் சிறிதளவு அழுத்துவதே போதும். அவ்வாறு செய்யாது ஒரே இழுப்பில் சுடுவோமாயின், அந்த நீண்ட, கடிய இழுப்பிலே கை ஆடிவிடும். கைப்பிடியோ ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரிய கையருக்குச் செய்த துப்பாக்கியில் சிறு விரல்காரர் விசையை எட்டிப் பிடிப்பதற்கே பாடுபடுவார்.

ஆயினும், பழகிய கையை எந்தக் கருவியும் வெல்லாது. ஹங்கேரி நாட்டுப் படைவீரரான கரோலி டாக்காச்சின் வலக்கை 1938இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் பிறர் அறியாவண்ணம் இடக்கையால் சுடப் பழகி, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார்.

"அதெல்லாம் சரி மாமா, உங்கள் துவக்கு?" என்றான் மருமகன். பிள்ளை எம்மை விடுவதாயில்லை.

எமது பக்கத்தில் துவக்கு என்றால் அது வயலுக்குரிய பொருள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து, பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் வெள்ளாமையைக் காக்கப் போடிமார் அதை வைத்திருந்தனர். பன்றி நாம் உண்ணாத பிராணி. அதன்மேல் வெடி வைப்பது பயிருக்காகவே அன்றி வேட்டைக்கன்று. சம்மாந்துறைப் பக்கத்து வட்டையில் வாப்பாவுக்குச் சில ஏக்கர் வயல் இருந்தது. அவரிடம் ஒற்றைக்குழல் துவக்கொன்று இருந்தது. 1964இல் பெரியவாப்பா காலமானபின், அவருடைய இரட்டைக்குழல் துவக்கும் வாப்பாவின் பெயருக்கு மாறி வந்து சேர்ந்தது.

அடித்தண்டிலே வெள்ளிப் பூவேலை செய்த அந்த இரட்டைக்குழலைப் பார்க்க ஊரார் வருவர். ஆனால் வாப்பாவின் கையில் அது சொன்னபடி கேட்கவில்லை. பழஞ்சுளகொன்றை நாற்பது அடி தூரத்தில் கட்டித் தொங்கவிட்டு, இரு துவக்குகளாலும் சுட்டு, சன்னங்கள் துளைத்த இடங்களைக் கரியால் வட்டமிட்டு எண்ணினார். ஒற்றைக்குழலின் சன்னங்கள் நடுவே செறிந்திருந்தன. இரட்டைக்குழலின் சன்னங்களோ மேலேறி ஓரத்தை நாடியிருந்தன. சன்னத் துவக்கில் பின்குறி கிடையாது. சுடுபவனின் கண்ணே பின்குறி. ஆகவே, அடித்தண்டு கன்னத்தில் படியும் விதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெரியவாப்பா நெடிய கழுத்தும் நீண்ட கையும் உடையவர். வாப்பா குள்ளமானவர்.

நாமோ பெரியவாப்பாவை உரித்து வைத்தாற்போல் வளர்ந்திருந்தோம். எமக்கு அப்போது வயது பதினேழு. வாப்பா இரட்டைக்குழலை எம்மிடம் நீட்டினார். நாம் சுட்ட முதல் வெடியே சுளகின் நடுவைப் பிய்த்தெறிந்தது. "இது உனக்குத்தான் மகன் சரி" என்றார். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருக்க, நாம் அதைத் தொட்டதே சட்டப்படி பிழை. அதனை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1967 ஜனவரி மாதம். கதிர் பால் பிடிக்கும் பருவம். மங்கிய நிலவில் பரண்மீது இருவரும் காவலிருந்தோம். நள்ளிரவு கடந்தபின் வரம்போரப் பற்றைக்குள் சரசரப்புக் கேட்டது. கரிய உருவம் ஒன்று அசைந்தது. வாப்பா டோர்ச் விளக்கைத் தேடித் தடவினார். "பொறு மகன், வெளிச்சம் அடிக்கட்டும்" என்று அவர் சொன்னது எம் காதில் விழுந்தது. வெளிச்சம் பட்டால் பன்றி ஓடிவிடும் என்று எண்ணி நாம் பொறுக்கவில்லை. பன்றியின் உயரத்துக்குத் துவக்கைத் தாழ்த்தி விசையை இழுத்தோம்.

எழுந்தது மனிதக் குரல்.

அடுத்த வயலின் முல்லைக்காரர் வக்கடையைத் திறந்து நீர் பாய்ச்ச வந்திருந்தார். சன்னங்கள் முழங்காலுக்குக் கீழே பாய்ந்திருந்தன. வாப்பா தம் சாரத்தைக் கிழித்துக் கட்டுப்போட்டார். பரண் ஏணியைப் படுக்கையாக்கி, நாம் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வரம்பு வழியே தெருவரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் அவர், "தம்பிக்கு ஒன்றும் வரப்படாது போடியார், நான்தான் குரல் கொடுக்காமல் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அச்சொல்லை எம்மால் இன்றளவும் தாங்க முடியவில்லை.

வாப்பா விடிந்ததும் பொலிசுக்குச் சென்று, நடந்ததை ஒளியாமல் கூறி, இரட்டைக்குழலை ஒப்படைத்தார். அதைத் திரும்பப் பெற அவர் முயலவில்லை. தண்டமும் வைத்தியச் செலவும் கட்டுவதற்காக அரை ஏக்கர் வயல் கைமாறிற்று. அவர் எம்மை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும், ஏசவில்லை. முல்லைக்காரர் பிழைத்தெழுந்தார். ஆனால் அதன்பின் சேற்றில் இறங்கி உழ அவரால் முடியவில்லை. அவர் மௌத்தாகும்வரை ஒவ்வோர் அறுவடையிலும் எமது வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நெல் சென்றது. வாப்பாவுக்குப் பின் அதனைச் சுமந்து சென்றவர் நாமே. அவர் எம்மை முற்றத்தில் இருத்தி, தேத்தண்ணீர் தராமல் அனுப்பியதில்லை.

இவற்றில் எதனையும் மருமகனிடம் நாம் முன்னர் கூறியதில்லை. அவன் உம்மாவும் கூறியிருக்கவில்லை. அன்றிரவு கூறினோம்.

"இரட்டைக்குழல்தான் மகன் எமக்கு நன்றாகக் குறி பிடித்தது. இருட்டில், விளக்கில்லாமல், நினைத்த உயரத்தில் ஒரு சாண்கூட விலகவில்லை" என்றோம்.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "எந்தக் கால் மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இடது கால்" என்றோம்.