ஊஞ்சல் புகட்டிய பாடம்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்கு வெகு பக்கம். மொட்டை மாடியில் ஊஞ்சல் போட்டபோது போல்ட், நட்டெல்லாம் நான்தான் வாங்கி வந்தேன். பளபளவென்று இருந்தது; விலையும் மலிவு. நமக்கு வேறென்ன வேண்டும்!

இரண்டு வருஷம் போயிருக்கும். தங்கை மகள் ஆடிக்கொண்டிருந்தபோது மேலே 'கிறீச்' என்று ஒரு சத்தம். குழந்தையை இறக்கிவிட்டு, ஏணி போட்டுப் பார்த்தால், வாஷருக்கு அடியில் போல்ட் துருவேறிப் பாதியாக இளைத்திருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

வெல்டிங் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "இது மெல்லிசா துத்தநாக முலாம் பூசினதும்மா. உப்புக் காத்துக்குத் தாங்காது. எவர்சில்வர்லயே ரெண்டு ரகம் இருக்கு. கடலை விட்டுத் தள்ளி இருக்கிறவங்களுக்கு 304 போதும். உங்களுக்கு 316தான் சரி, அதுல மாலிப்டினம் சேர்ந்திருக்கு" என்றார்.

கடையில் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். 'ஏ4' என்று பொறித்திருந்தால் 316 ரகம். 'ஏ2' என்றால் 304. நட்டும் வாஷரும்கூட அதே ரகமாக இருக்கட்டும். இரும்பு வாஷரை அதோடு சேர்த்தால், வாஷர் சீக்கிரமே அரித்துப் போகும்.

விலை கூடுதல்தான். ஆனால் குழந்தை ஆடுகிற ஊஞ்சலிலா சிக்கனம் பார்ப்பது? புது போல்ட் போட்ட பிறகும், மாதம் ஒரு தடவை ஏணி போட்டுப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள், சகோதரிகளே!