பட்டாபிராமில் ஒரு மைல்கல் பரீட்சை

நேயர்களே, சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் என்றைக்காவது ஏறி உட்கார்ந்திருக்கிறீர்களா? ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் ஒரு பொருட்காட்சியே பார்த்துவிடலாம். அம்பத்தூர் வரும், 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கிய ஊர். பிறகு ஆவடி, 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஊர். பத்து வருஷம் கழித்து அதே ஆவடியிலிருந்து 'விஜயந்தா' டாங்கி உருண்டு வந்தது. அதற்கும் அப்பால் இந்துக் கல்லூரி நிலையம். அடுத்தது பட்டாபிராம்.

2024 நவம்பரில் திறந்த இருபத்தொரு மாடி டைடல் பார்க் இப்போது தூரத்திலிருந்தே ஊரைக் காட்டிக் கொடுக்கிறது. ஆனால் நான் அடிக்கடி அங்கே போவது டைடல் பார்க்குக்காக அல்ல. என் அக்கா அங்கே இருக்கிறாள்.

அக்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். வீட்டிலோ மகன் வாங்கிய 'மௌண்டன் பைக்' ஒன்று தூசி படிந்து நின்றது. மலையே இல்லாத பட்டாபிராமில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊர்ச் சாலைகளில் உள்ள பள்ளங்களுக்கு அந்தத் தடித்த டயர்தான் சரி! மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன் சைக்கிளில் கல்லூரிக்குப் போன அக்கா, இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மீண்டும் ஏறினாள்.

"எவ்வளவு தூரம் போகிறேன் என்று தெரிய வேண்டுமடா" என்றாள். அதற்குத்தான் சைக்கிள் கம்ப்யூட்டர் இருக்கிறதே!

அதில் மூன்று ஜாதி உண்டு. ஒயர் வைத்தது, ஒயர் இல்லாதது, வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு வழி சொல்லும் ஜி.பி.எஸ். மூன்றாவதற்குச் சக்கர அளவு தேவையில்லை; ஆனால் செல்போனைப் போல அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். இரண்டாவதில் சென்ஸாருக்கும் தனி பாட்டரி. அக்கா ஒயர் வைத்ததையே எடுத்தாள். காரணம் கேட்டேன். "எண் பெரிதாக இருக்கிறது. வெள்ளெழுத்துக்காரிக்கு அதுதானே முக்கியம்?" என்றாள். தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

பூட்டியவன் அடியேன். முன் ஃபோர்க்கில் சென்ஸார். சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் ஒரு காந்தம். இரண்டுக்கும் நடுவே இரண்டு ரூபாய்க் காசுகளை அடுக்கிய அளவு இடைவெளி போதும். சென்ஸாருக்குள் மெல்லிய தகடுகள் இரண்டு இருக்கும். காந்தம் கடக்கும்போதெல்லாம் அவை ஒட்டி விலகும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதென்று கணக்கு. மௌண்டன் பைக்கின் ஃபோர்க் ஸ்பிரிங்கில் ஏறி இறங்குவதால், ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும். இறுக்கினால் அறுந்துவிடும், மிகவும் தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.

கடைசியில் சக்கரத்தின் சுற்றளவைப் பதிய வேண்டும். குறிப்புத்தாளில் ஒரு பட்டியல் இருந்தது. இருபத்தொன்பது அங்குலச் சக்கரம்தான் இப்போது நாகரிகம் என்று எங்கோ படித்த ஞாபகம். அந்த வரிசையிலிருந்த 2288 மில்லிமீட்டரைத் தட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு ரயில் ஏறினேன்.

மூன்று மாதம் ஓடியது. பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அக்கா தினமும் தூரத்தை எழுதி வந்தாள். ஒரு சனிக்கிழமை 500 கிலோமீட்டர் நிறைந்தது. மகனுக்குப் போன் செய்து பெருமையடித்துக் கொண்டாள். மறுநாள் விடியற்காலையில், லாரிகள் கண் விழிக்குமுன், இருவரும் திருநின்றவூரைத் தாண்டித் திருவள்ளூர்ச் சாலையில் போனோம். எனக்கு அத்தானின் பழைய சைக்கிள்.

"ஏண்டா, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரு கிலோமீட்டர்தானே?" என்று திடீரென்று கேட்டாள் அக்கா.

"ஆமாம். பெயர்தான் மைல்கல்; 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகு கணக்கு கிலோமீட்டரில்தான்."

"அப்படியானால் இது ஏன் 1.12 காட்டுகிறது?"

ஐந்து கல் தாண்டினோம். மீட்டர் 5.61 காட்டியது. என் வயிற்றில் புளி கரைந்தது.

வீட்டுக்கு வந்ததும் டயரைத் துடைத்துப் பார்த்தேன். 26 X 1.95 என்று கொட்டை எழுத்தில் இருந்தது! அக்காவைச் சைக்கிளில் உட்கார வைத்தேன். ஆள் கனத்தில் டயர் சற்று அமுங்குமல்லவா? முன் சக்கரத்தின் வால்வு தரைக்கு நேராக வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நேராக உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. இன்ச் டேப்பால் அளந்தால் 2040 மில்லிமீட்டர்! ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த யந்திரம் கால் மீட்டர் அதிகமாகச் சொல்லி வந்திருக்கிறது. யந்திரத்தின் மேல் என்ன குற்றம்? நான் சொன்னதைத்தானே அது திருப்பிச் சொன்னது!

கூட்டிக் கழித்ததில் 500 என்பது 446 ஆயிற்று.

"இருக்கட்டும் அக்கா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன், சமாதானமாக.

"எனக்குத் தெரியுமே!" என்றாள். நோட்டை எடுத்து 500-ஐ அடித்து 446 என்று எழுதினாள். முகம் வாடித்தான் போயிருந்தது. "திருநின்றவூர்ப் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினாரே, அவர் கணக்கில் ஒரு செங்கல் தப்பியிருக்குமா? ஐம்பத்துநாலு கிலோமீட்டர் பாக்கி. அவ்வளவுதானே?"

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சைக்கிளிலும் இப்படி ஒரு கருவி இருந்தால், பட்டியலை நம்பாதீர்கள். சாக்பீஸையும் இன்ச் டேப்பையும் நம்புங்கள். கடைசிச் சாட்சி சாலையோரக் கல்.

பத்து நாள் கழித்து ஆபீசில் என் போன் மணி அடித்தது.

"ஐந்நூறுடா!" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "இது நிஜ ஐந்நூறு!"