கறளுக்குள் இருக்கும் அளவுகள்

பழைய லான்ட் றோவரின் பல்க்ஹெட்டைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் போதும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இடத்தில் சத்தம் செத்துவிடும். முனையைத் திருப்பி அழுத்தினால் அங்கே பெயின்ற் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். கால் வைக்கும் பள்ளங்கள், கதவுத் தூண்களின் அடி, முன்கண்ணாடிச் சட்டம் வந்து அமரும் மேல்மூலைகள், அதற்குக் கீழே காற்று வரத் திறக்கும் இரண்டு மூடிகளின் விளிம்பு. இந்த ஒழுங்கில் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். மிதிபாயைத் தூக்கிப் பார்க்காமல் இந்த வாகனத்தை வாங்கக்கூடாது என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் சொல்வேன். ஈரம் அதற்கடியில்தான் மாதக்கணக்கில் குடியிருக்கும்.

எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே நிற்கிற இரும்புச் சுவர்தான் பல்க்ஹெட். "லான்ட் றோவருக்குக் கறள் பிடிக்காது, அது அலுமினியம்" என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வாகனம் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது பிரிட்டனில் உருக்குக்குக் கடும் பங்கீடு. போர் முடிந்திருந்ததால் விமானத் தொழிலுக்கென இருந்த அலுமினியம் கிடைத்தது. அதனால் றோவர் கம்பனியின் பொறியியலாளர் மோறிஸ் வில்க்ஸும் அவரது ஆட்களும் பேர்மாபிறைட் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் உடலைச் செய்தார்கள். பெரிய அச்சுகள் இல்லாமலே மடித்து எடுக்கக்கூடிய எளிய தட்டை வடிவங்கள் அவை. ஆனால் பாரம் தாங்க வேண்டிய சாசியும் பல்க்ஹெட்டும் இரும்பாகவே இருந்தன. முன்கண்ணாடி, கதவுகள், முன் மட்காட்கள், பிறேக் கிளச் மிதிகள், மீற்றர்கள், வைப்பர் மோட்டர், ஹீற்றர், எல்லாம் பல்க்ஹெட்டில்தான் தொங்குகின்றன. ஸ்ரியரிங் பெட்டிக்கும் அதுதான் பிடி. இது உக்கினால் அழகு கெட்டது என்று விட்டுவிட முடியாது. திருப்பும் சில்லும் மிதிக்கும் பிறேக்கும் உக்கிய தகட்டை நம்பி நிற்கின்றன.

கறள் வெளியிலிருந்து உள்ளே போகிறது என்று நினைப்பதால்தான் மேலே பெயின்ற் பூசித் திருப்திப்படுகிறோம். பல்க்ஹெட்டில் அது உள்ளிருந்து வெளியே வருகிறது. முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் இருக்கும் றப்பர் காய்ந்ததும் மழைநீர் மேல்மூலைக்குள் இறங்கும். கதவுத் தூண் உள்ளே வெறுமையான பெட்டி. தண்ணீர் அதன் அடியில் தேங்கி நிற்கும். வெளிப்புறத்தில் சில்லு எறிகிற சேறு மட்காட்டுக்கும் கால்பள்ளத்துக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் அந்தச் சேற்றோடு உப்பும் சேர்கிறது. செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் கல்லுப்பை உறைபனி இரவுகளில் வீதிகளில் தூவுகிறார்கள். நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய லான்ட் றோவர்களுக்கு மழை உண்டு, மண் உண்டு, இந்த உப்பு இல்லை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பொட் வெல்டிங் செய்த மடிப்புகளில் உப்புநீர் புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. கறள் ஊதி, தகடுகளைப் பிரித்துத் தள்ளும்.

ஒட்டுப் போடுவதா, முழுதாக மாற்றுவதா? கால்பள்ளம் மட்டும் போயிருந்தால் அதை வெட்டியெடுத்துப் புதிய பள்ளம் வெல்ட் பண்ணுவது நேர்மையான வேலை. தூணின் அடியும் மேல்மூலையும் சேர்ந்து போயிருந்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டு வேண்டாம் என்பது என் துணிபு. மெலிந்த தகட்டில் வெல்டிங் நிற்காது, எரிந்து ஓட்டை பெருக்கும். எதில் ஒட்டுகிறோமோ அதுவும் நாளைக்கு உக்கும். புதிதாக அச்சடித்த பல்க்ஹெட்களும் விற்கிறார்கள். எனக்குப் பிடித்தது தொழிற்சாலையில் பிறந்த பழைய ஒன்றைத் தேடி எடுத்து, உக்கிய பாகங்களை மாற்றி, துத்தநாகத்தில் தோய்த்து எடுப்பது. மடிப்பும் துளைகளும் அதில்தான் சரியான இடத்தில் இருக்கும்.

எனக்கு இந்த வேலையின் சாரத்தைச் சொல்லித்தந்தவர் யாழ்ப்பாணத்தில் வெல்டிங் கடை வைத்திருந்த ஓர் அண்ணை. பழைய பல்க்ஹெட்டை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்குவோம் என்று நான் கிறைண்டரை எடுத்தபோது கையைப் பிடித்தார்.

"தம்பி, பழசை எறியாதை. புதுசு வந்து வடிவா இருந்தாப் பிறகு எறி. உன்னட்டை இருக்கிற ஒரே வரைபடம் அதுதான்."

அவர் சொன்னதைப்போல் உண்மையான பேச்சை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை. இந்த வாகனங்களைக் கையால் பொருத்தினார்கள். ஒவ்வொன்றின் சாசியும் வருடக்கணக்கில் சுமந்து, முட்டி, திருத்தப்பட்டு, தனக்கென்று சில கோணல்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும். கைநூலில் உள்ள அளவு வேறு, உங்கள் வண்டியின் அளவு வேறு. எவ்வளவு உக்கியிருந்தாலும் பழைய பல்க்ஹெட் அந்த வண்டியின் அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஒரு நட்டைக்கூடத் தளர்த்துமுன் அளக்க வேண்டும். தூணிலிருந்து பின் உடலின் விளிம்பு வரை, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இரண்டு பக்கமும். பிறகு தூணுக்குத் தூண் குறுக்கே. பிறகு இடது மேல்மூலையிலிருந்து வலது அடிக்கும், வலது மேல்மூலையிலிருந்து இடது அடிக்கும். இந்த இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை. எழுதியதைக் கராஜ் சுவரில் ஒட்டிவிடுங்கள். கைபேசிப் படத்தை எண்ணெய்க் கையால் தேட முடியாது. மாற்றாக வாங்கிய பல்க்ஹெட்டில் எதையும் வெட்டுமுன் இரு தூண்களுக்கும் குறுக்கே ஒரு கோணக்கம்பியைத் தற்காலிகமாக வெல்ட் பண்ணிவிட வேண்டும். கால்பள்ளத்தை எடுத்தவுடனே தூண்கள் தம்பாட்டில் உள்ளே சாயும்.

கழற்றுவது பொறுமைக்கான வேலை. பொனற், மட்காட்கள், கதவுகள், கண்ணாடிச் சட்டம், தரைத் தகடுகள், கியர்பொக்ஸ் மூடி, எல்லாம் ஒழுங்காகப் போகும். என்னுடைய சீரீஸ் 3இல் மில்லிமீற்றர் ஸ்பானர்களுக்கு அதிகம் வேலையில்லை. 7/16, 1/2, 9/16 அங்குலம்தான் பேசும். பிறேக் எண்ணெய் சிந்தினால் பெயின்றை உரித்துவிடும், தண்ணீரால் உடனே கழுவுங்கள். வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் பட்டி கட்டிப் பெயர் எழுதுங்கள். கறுப்பு எர்த், மண்ணிறம் பியூஸ் இல்லாமல் பற்றறியிலிருந்து நேரே வருவது. நிறங்கள் உதவும், ஆனால் இடையில் யாரோ ஒருவர் தன் விருப்பத்துக்குச் சேர்த்த சிவப்பு வயரை எந்தக் கைநூலும் காட்டாது. தூண்களின் அடியைச் சாசியின் கைகளோடு பிணைக்கும் நீண்ட போல்ற்கள்தான் கடைசிச் சண்டை. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சூடுகாட்டி, அதற்கும் அசையாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவற்றை மீண்டும் போட வேண்டாம். புதியதைப் போடுங்கள், தாராளமாகக் கிறீஸ் பூசி.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெல்டிங் முடிந்த பல்க்ஹெட்டைத் துத்தநாகத்துக்கு அனுப்புமுன், பெயின்ற் இல்லாமல், வெறும் இரும்பாகவே வண்டியில் ஏற்றிப் பார்ப்பேன். அவசரக்காரர் இதை விட்டுவிடுவார்கள். கதவு, கண்ணாடிச் சட்டம், மட்காட் எல்லாவற்றையும் தளர்வாகப் பூட்ட வேண்டும், எதையும் இறுக்கக்கூடாது. அடிப் போல்ற் இரண்டையும் அச்சாக வைத்துப் பல்க்ஹெட் முன்னும் பின்னும் சாயும். கதவின் மேல்பக்க இடைவெளி கீழ்ப்பக்கத்தைவிட அகலமாக இருந்தால் அது முன்னால் சாய்ந்திருக்கிறது. இடைவெளி மேலும் கீழும் ஒரேமாதிரி இருந்தும் கதவு பூட்ட மறுத்தால் அடியில் மெல்லிய தகடு வைத்து முழுதையும் நகர்த்த வேண்டும். வீட்டு நிலை கோணினால் கதவைச் சீவிப் பயனில்லை என்று தச்சர்கள் சொல்வார்கள். இங்கும் அதே கதைதான். கதவு ஒரு விரலால் தள்ளிப் பூட்டும்வரை நகர்த்தி, சாய்த்து, மீண்டும் நகர்த்திக்கொண்டிருப்பேன். சுவரில் ஒட்டிய அளவுகளை அப்போதுதான் எடுத்துப் பார்ப்பேன். கதவும் தாளும் ஒன்றையே சொன்னால் துளைகளைத் துளைக்கலாம்.

தொட்டியில் துத்தநாகம் ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி நிற்கும். அடைபட்ட பெட்டிக்குள் ஈரம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும். ஆகவே தூண்களில் மேலும் கீழும் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். உள்ளேயும் துத்தநாகம் ஓடிப் படிவதும் அவற்றின் வழியாகத்தான். பிரஷ் எட்டாத அந்த உட்புறத்துக்காகத்தான் இவ்வளவு செலவும். அகலமான மெல்லிய தகடு சூட்டில் நெளியக்கூடும், அதனால் குறுக்குக் கம்பியைத் தோய்த்து எடுத்த பிறகே வெட்டுவேன். திரும்பி வந்ததும் புரியெல்லாம் அடைத்திருக்கும், டாப் போட்டுத் திறக்க வேண்டும். எல்லா வெல்டிங்கும் தோய்க்குமுன்னே முடிந்துவிட வேண்டும். துத்தநாகத்தின்மேல் வெல்ட் பண்ணினால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலைத் தரும். புதுத் துத்தநாகத்தில் சாதாரண பெயின்ற் ஒட்டாது, அதற்கென உள்ள எட்ச் பிறைமரை முதலில் அடியுங்கள். எர்த் வயர் வரும் இடத்தில் மட்டும் பெயின்றைச் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்கள்.

மட்காட்டைக் கடைசியாகப் பூட்டும்போது அலுமினியம் இரும்பை நேரடியாகத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே உப்புநீர் வந்தால் அலுமினியம்தான் தன்னைக் கொடுக்கும். போல்ற்றைச் சுற்றிப் பூக்கும் வெள்ளைத் தூளைப் பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் பூசிய இரும்போடு இந்தத் தகராறு குறைவு. ஆனாலும் சீலன்ற் ஒரு படை பூசி, நைலோன் வோஷர் வைத்தே இறுக்குகிறேன். தூண்களுக்குள் சூடாக்கிய மெழுகைக் குழாயால் செலுத்துவேன், அடியில் சொட்டும்வரை. சொட்டி முடிந்ததும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும், மெழுகு அவற்றையும் அடைத்திருக்கும். கொஞ்சக் காலம் ஓடிய பிறகு அடிப் போல்ற்களை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, கதவின் இடைவெளியை அதே மூன்று இடங்களில் அளந்து, சுவரில் உள்ள தாளில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.