அங்க யாரு இருக்கா?

எங்கள் குமரி மாவட்டத்துத் தோவாளையில் அந்தக் காலத்தில் எந்த வங்கி நல்ல வங்கி என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. "அங்க யாரு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். எஸ்.பி.டி.யில் வாத்தியார் மகன் இருக்கான், எல்.ஐ.சி.க்கு மாமா இருக்காரு, நாடார் பேங்கில் கோட்டாற்று அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. ஆளைச் சொன்னால் போதும், பணம் அங்கே போகும். பூவை நம்பிப் பிழைக்கிற ஊரில் இதில் வியப்பில்லை. சேலத்து அரளியும் ஓசூர் ரோஜாவும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கும். ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர்ப் பக்கத்துப் பிச்சியும் மல்லியும் விடியுமுன் வந்து சேரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை மாறும். வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசிப் பூ கேரளாவுக்கு வண்டி ஏறியாக வேண்டும். துண்டுச் சீட்டுகூட இல்லாமல் சரக்கு கைமாறும். முகத்தை நம்பித்தான் பற்று, முகத்தை நம்பித்தான் முன்பணம்.

அந்த முகங்களில் பெரும்பாலானவை இன்றில்லை. அவற்றை எங்கள் ஊருக்கு அனுப்பிவைத்த நிறுவனங்களிலும் சில இல்லை.

முதலில் நினைவுக்கு வருவது எஸ்.பி.டி., ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கூர். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள் அல்லவா? அந்த மண்ணில் வங்கி என்றாலே பழைய தலைமுறைக்கு ஒரு பயம் உண்டு. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் 1938-ல் சரிந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்கே போனார். அதற்குப் பிறகு 1945-ல் அரசே பின்னால் நின்று தொடங்கியதுதான் டிராவன்கூர் பேங்க். 1960 தொடக்கத்தில் அது ஸ்டேட் பேங்கின் துணை வங்கியாகிப் புதுப் பெயர் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது. நாடு முழுவதும் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்ததே அந்த அடியால்தான். 1962-ல் தொடங்கியபோது உச்சவரம்பு 1,500 ரூபாய். இரண்டு வங்கிகள் விழுந்ததைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர்கள் எஸ்.பி.டி.யை மட்டும் நம்பினார்கள். அது "மகாராஜா பேங்காக்கும்" என்று எங்கள் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் வேலைக்குப் போகிற வயதுக்கு வந்தார். வீட்டு நடையில் பூத்தொடுத்துக்கொண்டே அம்மாவும் சித்தியும் நிறுவனங்களை ஒப்பிட்டது அச்சாக நினைவிருக்கிறது. சம்பளத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1966-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் வந்த பிறகு வங்கி ஊழியர் சம்பளம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. ஸ்டேட் பேங்கில் பி.எஃப்.பும் உண்டு, பென்ஷனும் உண்டு, ஆனால் அதிகாரியானால் எந்தச் சீமைக்கு அனுப்புவான் என்று தெரியாது. நாடார் பேங்க் 1921-ல் தூத்துக்குடியில் தொடங்கியது. 1962-ல் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் என்று மாறியும் எங்கள் வாய்க்குப் பெயர் மாறவில்லை. வியாபாரிகளுக்கு அதைப்போல வளைந்துகொடுக்கிற வங்கி இல்லை என்பார்கள். தனியார் என்பதால் அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம். எல்.ஐ.சி. என்றால் ஒரே கோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி இருக்கலாம். எஸ்.பி.டி. என்றால் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில். 1979-ல் ரயிலும் வந்துவிட்டிருந்தது. "ராத்திரிச் சோத்துக்கு வீட்டுக்கு வாற வேலை எதுவோ அதுக்கு எழுதச் சொல்லு" என்று சித்தி முடித்துவைத்தார்.

அண்ணன் எஸ்.பி.டி.யில் சேர்ந்தார். நெய்யாற்றின்கரை, பாறசாலை, அப்புறம் நாகர்கோவில். மலையாளம் பேசினார், ஓணத்துக்குச் சகஊழியர் வீட்டில் சாப்பிட்டார், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் பூஜப்புரைத் தலைமை அலுவலகம் வரை போய்வந்தார். கல்யாணச் சந்தையில் எஸ்.பி.டி. மாப்பிள்ளைக்கு இருந்த மதிப்பைச் சொல்லி மாளாது.

நாகர்கோவில் கிளையில் அவர் காசாளராக இருந்த நாட்களில் நான் அடிக்கடி அங்கே போவேன். பதினொரு மணிவாக்கில் பூக்காரப் பெண்கள் வருவார்கள். அவர்கள் கொண்டுவருகிற நோட்டுகள் ஈரமாக இருக்கும். பூக்கூடையில் தண்ணீர் தெளித்த கையாலேயே வாங்கி, இடுப்புச் சுருக்குப்பையில் திணித்த நோட்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ண முடியாது. அண்ணன் அவற்றைப் பிரித்து மேசையில் பரப்பி, மேலே பேப்பர் வெயிட், முத்திரைக் கட்டை, கால்குலேட்டர் என்று கைக்கு அகப்பட்டதை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடுவார். அதுவரை அந்தப் பெண் கவுண்டர் ஓரமாக நின்று மகள் கல்யாணம், கேந்தி விலை, புருஷனின் குடி என்று பேசுவாள். கேட்டுக்கொண்டே செலான் எழுதிக் கொடுப்பார். பின்னால் வரிசை நிற்கும், முணுமுணுப்பும் இருக்கும். மேலாளர் ஒருநாளும் அவரைக் கடிந்து நான் பார்த்ததில்லை. நாலு எட்டில் வேறு வங்கி இருக்கிறது, முகம் சுளித்தால் அவள் அங்கே போய்விடுவாள் என்பது மேலாளருக்கும் தெரியும். போட்டி என்பதை நான் அன்று அந்த உருவத்தில்தான் பார்த்தேன்.

ஆனால் உண்மையான போட்டியை வெயிலில் நடந்து நடத்தியவர்கள் வேறு. சந்தை ஓய்கிற நேரத்துக்குச் சைக்கிளில் ஒருவர் வருவார். தோளில் ரெக்ஸின் பை, கையில் ரசீதுப் புத்தகம். கடைக்குக் கடை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று தினசரி சேமிப்பு வாங்குவார். உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் பேங்க் 1928-ல் பிக்மி என்ற பெயரில் தொடங்கிய முறை அது. பிறகு பல வங்கிகள் எடுத்துக்கொண்டன. ஊருக்கு அவர்தான் "பேங்க்காரர்". வங்கியின் கணக்கிலோ அவர் ஊழியரே இல்லை, கமிஷனுக்கு நடக்கிறவர். இவரைப் போன்றவர்கள் ஊழியர்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இவர்கள் தொழிலாளர்களே என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. நிரந்தர ஊழியருக்குரிய நிலை மட்டும் கிடைக்கவில்லை. ஒரே வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் மின்விசிறிக்குக் கீழேயும் ஒருவர் வெயிலிலும் இருந்தார்கள். கந்துவட்டிக்காரன் கையிலிருந்து எங்கள் சந்தைப் பெண்களைக் கொஞ்சமாவது மீட்டவர் வெயிலில் இருந்தவர்தான். அரசு 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, அவசரத்துக்கு எடுக்க அவர்களிடம் ஒரு சிறுவாடு இருந்ததென்றால் அது அவர் பையில் சேர்ந்தது.

மாமாவும் வெயிலில் இருந்தவர்தான், எல்.ஐ.சி. முகவர். 1956-ல் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநல சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்த கதையை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் படிவத்தை எடுப்பார். நீண்டகாலப் பாலிசிக்கு அவருக்குக் கமிஷன் முதல் வருடப் பிரீமியத்தில் 25 சதவிகிதமும் மேற்கொண்டு போனஸும், அடுத்த இரண்டு வருடம் ஏழரை, பிறகு ஐந்து. அந்த ஐந்துதான் அவரைக் கட்டிப்போட்டது என்று எனக்குப் படுகிறது. பாலிசி காலாவதியாகாமல் இருந்தால்தானே ஐந்து கிடைக்கும்? ஆகவே தவணை மாதம் வந்தால் ஞாபகப்படுத்தப் போவார், பணம் இல்லை என்றால் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வார். சாவு விழுந்த வீட்டுக்கு இவர்தான் முதலில் போவார். தகனம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழுக்கு ஆள் அனுப்பி, பாண்டைத் தேடி எடுத்து, விதவையிடம் கைநாட்டு வாங்கி, பதினாறாம் நாளுக்குள் காகிதங்களை அலுவலகத்தில் சேர்த்துவிடப் பறப்பார்.

2000-ல் காப்பீடு தனியாருக்குத் திறந்தது. புது நிறுவனங்கள் பழைய முகவர்களைத்தான் முதலில் தேடின. மாமா வீட்டுக்கும் டை கட்டிய பையன்கள் வந்தார்கள், நட்சத்திர ஓட்டல் கூட்டம், வெளிநாட்டுப் பயணம் என்று ஆசை காட்டினார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். அவருக்கு உண்மையான போட்டி வந்தது வீட்டுக்குள்ளிருந்து. ஸ்டேட் பேங்க் குடும்பம் எஸ்.பி.ஐ. லைஃப் தொடங்கியதும் அண்ணனின் கவுண்டரிலும் பாலிசி விற்கத் தொடங்கினார்கள். ஒரு பொங்கலன்று மத்தியானம் பந்தியில் அண்ணன் மெல்ல ஆரம்பித்தார்.

"மாமா, இந்த வருஷம் எங்களுக்கும் பாலிசிக்கு டார்கெட் உண்டாக்கும்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "நீ கவுண்டருக்கு உள்ள இருந்து விப்பே மக்கா. வாறவளுக்கு லோன் வேணும், உங்கிட்ட வேண்டாம்னு சொல்ல மாட்டா. எங்கிட்ட சொல்லுவா."

அண்ணன் பதில் பேசவில்லை. லோன் கேட்டு வருகிறவர்களிடம் பாலிசிப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை என்று பிறகு அண்ணி சொன்னார். பதவி உயர்வு ஒரு முறை தள்ளிப்போனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அவர் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. யூலிப் விற்பனையில் நாடெங்கும் பலர் ஏமாந்து, 2010-ல் ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை இறுக்கியபோது மாமா உயிரோடில்லை. மாமா அந்தப் பந்தியில் சொன்னதைவிடக் கூர்மையாக அந்தக் கோளாறை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பூவண்டி வாங்கிய பையன்களின் கதை தனி. டாடா ஏஸ் 2005-ல் வந்த பிறகு ஊரில் வண்டிகள் பெருகின, வண்டிக் கடனும் பெருகியது. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-லிருந்து இருக்கிற கம்பெனி, காகிதம் சுத்தமாக இருந்தால் மரியாதைக்குக் குறைவில்லை. ஸ்ரீராம் வேறு விதம். வேறு யாரும் கடன் தராத பழைய வண்டிக்கும் ஓட்டுநரின் கையைப் பார்த்துக் கொடுத்து வளர்ந்தது. அதைத் தொடங்கிய ஆர். தியாகராஜன் தன் பங்குகளை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்கே விட்டுக்கொடுத்தவர். இரண்டும் சென்னைக் கம்பெனிகள், இரண்டுக்கும் கடும் போட்டி, ஆனால் இரண்டிலும் ஆட்கள் வருடக்கணக்கில் நிலைத்தார்கள். தன் ஆளை ஒரு நிறுவனம் எத்தனை காலம் வைத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தாலே அது கடனாளியை எப்படி நடத்தும் என்று சொல்லிவிடலாம் என்பது இவற்றையெல்லாம் பார்த்து எனக்கு உறுதியான எண்ணம்.

2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.டி. ஸ்டேட் பேங்கோடு இணைந்து இல்லாமல் போனது. முந்தைய ஆண்டே கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. தமிழ்நாட்டில் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. கணக்கு எண் மட்டும் மாறவில்லை. 67 என்று தொடங்கினால் அது பழைய எஸ்.பி.டி. கணக்கு. எனக்கு வலித்தது பெயர்ப்பலகை மாறியதில் இல்லை. ஒரே ஊரில் ஸ்டேட் பேங்கும் எஸ்.பி.டி.யும் இருந்தபோது ஒன்றில் மனம் கசந்தால் மற்றொன்றுக்குப் போகலாம், வேலை தேடுகிற பிள்ளையும் இரண்டுக்கும் எழுதலாம். சேர்த்தபின் அந்த இரண்டு கதவும் ஒன்றாயின. அதே 2017-ல் நாட்டில் 27 பொதுத்துறை வங்கிகள் இருந்தன. 2020 ஏப்ரலில் 12. பிக்மியைப் பெற்றெடுத்த சிண்டிகேட்டும் அப்போதுதான் கனராவில் கரைந்தது. அண்ணன் 2019-ல் ஸ்டேட் பேங்க்காரராகவே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் பேசும்போது எஸ்.பி.டி. என்றே சொன்னார், யாரும் திருத்தவில்லை.

அண்ணன் மகள் முதலில் சேர்ந்தது ஒரு நகைக்கடன் நிறுவனத்தில்; பெயர் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் முத்தூட்டும் மணப்புரமும் அவர்களைப் பார்த்து வந்த மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு பலகை வைத்திருக்கிறார்கள். நகை மதிப்பில் 60 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் கட்டிப்போட்டு, 2014-ல் 75 ஆக்கியது. வரிசையில் நிற்க நேரமில்லாத பூக்காரிக்கு, நகையை வைத்ததும் பணம் கிடைக்கிற வேகம் பெரிய உதவிதான், மறுக்க மாட்டேன். ஆனால் காலை ஒன்பதுக்கு முன்பே இவளுக்கு டார்கெட் கேட்டு ஃபோன் வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும். ஓர் ஆண்டுக்குள் கிளையில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். இவளும் விலகினாள்.

பிறகு அவளுக்கு ஒரு தனியார் வங்கி அதிகாரி வேலையும் ஐ.பி.பி.எஸ். தேர்வு வழியாக ஓர் அரசு வங்கி எழுத்தர் வேலையும் ஒரே சமயத்தில் வந்தன. சித்தி நடையில் உட்கார்ந்து செய்த ஒப்பீட்டை இவள் செல்பேசியில் செய்தாள். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் எத்தனை சதவிகித ஊழியர்கள் விலகினார்கள் என்று ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்பது 2022-23 முதல் கட்டாயம். அதைத் தேடிப் படித்தாள். சில தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் விலகல் சுமார் 25 சதவிகிதம் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் அறிக்கையில் எழுதியிருந்ததையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணன் இரண்டாவது முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அரசு வங்கியில் சேர்ந்திருக்கிறாள், வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிளை. தனியார் தருவதாகச் சொன்னதைவிடச் சம்பளம் குறைவு. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்கலாம் என்று அண்ணன் இப்போதே பழைய சங்கத் தோழர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள். இப்போதுதான் அங்கே வருகிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டு வருகின்றனவாம்.