ஒரு பளபளப்புக்குப் பெயர் ஃபோங்

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு ‘ஃபோங் ஷேடிங்’ நல்லா ஞாபகம் இருக்கும். ஒரு படம், ஒரு ஃபார்முலா, கௌராட் ஷேடிங்கோடு நாலு வித்தியாசம். எழுதினா மார்க் வந்துடும். ஆனா ஃபோங் யாருன்னு சிலபஸ் சொல்லாது. நான் தேடிப் படிச்சதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.

முழுப்பெயர் புய் துவோங் ஃபோங். 1942இல் ஹனோயில் பிறந்தவர். பிரான்சில் படித்துவிட்டு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனார். வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வரும். அதாவது ‘புய்’தான் குடும்பப் பெயர், ‘ஃபோங்’ அவருக்கென்று வைத்த பெயரின் பகுதி. இனிஷியலை விட்டுட்டு நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரிதான், உலகமே அவரைக் கூப்பிடுது!

1972இல் யூட்டாவில் பேராசிரியர் ஐவன் சதர்லேண்டின் மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அவர் மனைவியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் மேலேயே புள்ளி வைத்து, அளவுகோலால் அளந்து, அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். அந்தக் குழுவில் ஃபோங்கும் இருந்தார். அளந்தது எல்லாம் தட்டையான பலகோணங்கள்தான். அதை வழவழப்பான, வளைந்த காராகக் காட்டுவது எப்படி?

கௌராட் 1971இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார். மூலைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவில் அதைப் பரப்பிவிடலாம். ஆனால் பளபளப்பு சரியாகப் பலகோணத்தின் நடுவில் விழுந்தால்? மூலைகளுக்கு அது தெரியாது. பளபளப்பு காணாமலே போய்விடும். ஃபோங் வெளிச்சத்தைப் பரப்பவில்லை, நார்மலின் திசையைப் பரப்பினார். பிறகு ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்கிட்டார்.

பளபளப்புக்கு அவர் தந்த விடை இன்னும் எளிது: ஒரு கொசைன், அதன் மேல் ஓர் அடுக்கு. அவ்வளவுதான். அடுக்கு 10 என்றால், பிரதிபலிப்புத் திசையிலிருந்து கண் 10 டிகிரி விலகினாலும் சுமார் 86 சதவீதப் பளபளப்பு மிஞ்சும். அடுக்கை 200 ஆக்குங்க, சுமார் 5 சதவீதம்தான் மிஞ்சும். மங்கலான பரப்பு பளிச்சென்ற பரப்பாக மாற, ஒரே ஒரு எண் போதும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

இது இயற்பியல் விதியிலிருந்து வந்ததா? இல்லை! கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதற்குப் பொருந்துகிற ஒரு வளைகோடு, அவ்வளவே. அதன் குறையை உங்க வீட்டிலேயே பார்க்கலாம். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியையும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையும் வைங்க. வாளியில் தெரியும் பளபளப்பு வெள்ளை. விளக்கில் தெரிவது மஞ்சள். உலோகம் பளபளப்புக்கும் தன் நிறத்தைக் கொடுக்கும். ஃபோங் முறையில் பளபளப்புக்கு விளக்கொளியின் நிறம் மட்டும்தான். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் எல்லாமே பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இதை எடுத்துக் காட்டி, உலோகத்தை உலோகமாகவே தெரிய வைத்தது 1980களின் தொடக்கத்தில் வந்த குக், டாரன்ஸ் இருவரின் ஆய்வு.

அப்போ ஃபோங் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோணலை. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்து விட்டிருக்கிறார். அன்றைய கம்ப்யூட்டரால் தாங்க முடிந்த கணக்கு, கண் ஒத்துக்கொள்கிற விடை. இன்ஜினியரிங் என்பதே அதுதானே? ப்ராஜெக்ட் ரிவ்யூவில் “இது நூறு சதவீதம் சரியா?” என்று கேட்டால் நாம ஏன் நடுங்கணும்? “எதை விட்டேன், ஏன் விட்டேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

1973இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1975இல் கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டு இறந்துபோனார். வயது 32. சில பக்கக் கட்டுரை ஒன்று, அரை நூற்றாண்டாக உலகம் முழுக்கப் பாடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

த்ரீ ஜேஎஸ் லைப்ரரியில் ‘மெஷ் ஃபோங் மெட்டீரியல்’ என்று இன்றும் ஒரு கிளாஸ் இருக்கு. அடுத்த முறை அதை டைப் பண்ணும்போது ஒரு நொடி நில்லுங்க. அது வெறும் ஃபங்ஷன் பேர் இல்ல, ஒரு மனுஷனோட பேர்.