இடப்பக்கம் போன அம்புகள்

நுனிகள் முன்புறம் வளைந்த அந்த மரவில், வேட்டைக்கென்று செய்யப்படும் வகையைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, நாங்கள் வேட்டையாடியதெல்லாம் திடலின் ஓரத்தில் சாய்த்து வைத்த வைக்கோற்கட்டைத்தான்!

எங்கள் ஐவரில் குள்ளமானவளின் அம்புகள் மட்டும் எப்போதும் இடப்பக்கமே போயின. "கண் டாக்டரிடம் போ" என்று சிரித்தோம். விளையாட்டு விழாவுக்கு நால்வர் போதும் என்றும் முடிவு செய்துவிட்டோம். அவள் ஒன்றும் பேசாமல் எங்கள் அம்புகளைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

டீச்சர்தான் வைக்கோற்கட்டை உற்றுப் பார்த்தார். "ஆறு அம்பும் ஒரு சாணுக்குள் இருக்கின்றனவே! இவள் குறி தவறவில்லை. அம்பில்தான் கோளாறு."

நாண் உந்தியதும் அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டுதான் நேராகப் போகுமாம். விறைப்பு மிகுந்தால் போதிய அளவு வளையாது; வலக்கையால் நாணிழுப்பவருக்கு இடப்பக்கம் விலகும். எங்கள் வில்லின் 30 பவுண்டு விசை, 28 அங்குலம் இழுத்தால்தான் கிடைக்கும். அவளுக்கு 25 அங்குலமே எட்டும். ஆகவே இளக்கமான அம்பு வேண்டும். நாங்களோ, "உன் உயரத்துக்கு இது போதும்" என்று அவளுடைய அம்புகளை மட்டும் வெட்டியிருந்தோம். குட்டையானால் விறைப்பு கூடும் என்பது அன்றுதான் தெரிந்தது. எங்களால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, வெட்டாத அம்புகளை ஒவ்வொன்றாகக் கிடத்தி, நடுவே 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டோம். அதிகமாகவும் ஒரே அளவாகவும் தாழ்ந்த ஆறை அவளுக்கென்று எடுத்து வைத்தோம்.

முதல் அம்பு இலக்கின் விளிம்பில் தைத்தது. மூன்றாவது நடுவில்.

"இனி நீங்கள் பொறுக்குங்கள்" என்றாள். பொறுக்கினோம்.